காணாமல் போன 2 வாட்: உயர் அதிர்வெண் கன்வெர்ட்டர் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வு மாணவனாகச் சேர்ந்ததும் நான் முதலில் கட்டியது 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டர். 10 ஆம்பியர், 1 மெகாஹெர்ட்ஸ், காலியம் நைட்ரைடு ஸ்விட்சுகள். காகிதத்தில் போட்ட கணக்கு 5.1 வாட் இழப்பு என்றது. மேசையில் அளந்தால் 7.2 வாட். 120 வாட் கொடுக்கும் சுற்றில் 2.1 வாட் வித்தியாசம் பெரிதா என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 2.1 வாட் எங்கே போகிறது என்று தேடிய மாதங்கள்தான் எனக்கு இந்தத் துறையைக் கற்றுக்கொடுத்தன.

பவர் எலக்ட்ரானிக்ஸில் முதுகலை ஆய்வோ முனைவர் பட்ட ஆய்வோ தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதே பக் கன்வெர்ட்டரைக் கடைசி வரை கூடவே வைத்துக்கொள்கிறேன். உங்கள் தலைப்பு ரெசனன்ட் கன்வெர்ட்டராக இருக்கலாம், டூயல் ஆக்டிவ் பிரிட்ஜாக இருக்கலாம். வேலை செய்யும் வரிசை பெரிதாக மாறாது.

முதல் படி: அதிர்வெண்ணை ஏற்றினால் எது சிறுக்கும் என்று கேளுங்கள்

"உயர் அதிர்வெண்" என்பது தலைப்பு ஆகாது. அது ஒரு வழிமுறை. எதற்காக அந்த வழியில் போகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மட்டுமே தலைப்பு கையில் இருக்கிறது.

பக் கன்வெர்ட்டரில் காரணம் நேரடியானது. 10 ஆம்பியருக்கு 4 ஆம்பியர் ரிப்பிள் (கரன்ட்டின் ஏற்ற இறக்கம்) போதும் என்று வைத்தால், 100 கிலோஹெர்ட்ஸில் 22.5 மைக்ரோஹென்றி இண்டக்டர் வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் 2.25 போதும். வெளியீட்டு கெப்பாசிட்டரும் அதே போக்கில் குறையும், லோடு திடீரென்று மாறும்போது சுற்று ஈடுகொடுக்கும் வேகமும் கூடும்.

ஆனால் எல்லாமே சிறுக்காது. 2014-ல் கூகுளும் ஐஇஇஇ அமைப்பும் சேர்ந்து லிட்டில் பாக்ஸ் சேலஞ்ச் என்று ஒரு போட்டியை அறிவித்தன. 2 கிலோ வோல்ட் ஆம்பியர் இன்வெர்ட்டர், ஒரு கன அங்குலத்துக்கு 50 வாட்டுக்கு மேல், பரிசு 10 லட்சம் டாலர். 2016-ல் வென்ற பெல்ஜியக் குழு 140 வாட்டையும் தாண்டியது. அந்தப் போட்டியில் பெரிய தலைவலி ஸ்விட்சிங் அதிர்வெண் மட்டும் அல்ல. ஒற்றை பேஸ் மின்சாரத்தில் திறன், லைன் அதிர்வெண்ணின் இரு மடங்கில் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க 2000 வாட்டுக்கு, 60 ஹெர்ட்ஸில், சுமார் 5.3 ஜூல் ஆற்றலை எங்காவது சேமித்துத்தான் ஆகவேண்டும். ஸ்விட்சை 1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் 10 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் அந்த 5.3 ஜூல் அப்படியே நிற்கும். உங்கள் தலைப்பில் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே தேடிவிடுங்கள்.

இன்னொரு உதாரணம் மின்காந்த இடையூறு. கடத்தல் வழி இடையூறுக்கான சிஸ்பர் (ரேடியோ இடையூறுக்கான சர்வதேசக் குழு) வரம்புகள் பெரும்பாலும் 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதனால்தான் பலர் ஸ்விட்சிங் அதிர்வெண்ணை 140 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்திக்கொள்கிறார்கள். அடிப்படை அலை வரம்புக்கு வெளியே தப்பிவிடும். அங்கிருந்து 200-க்கு ஏற்றினால் பில்டர் சிறுப்பதற்குப் பதிலாகப் பெருக்கவும் கூடும்.

வாசிப்பை எங்கே தொடங்குவது என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளில் தொடங்காதீர்கள் என்பேன். துறையின் வேர்கள் கொஞ்சம்தான், வாசிக்கவும் எளிது. கோர் இழப்புக்கு ஸ்டைன்மெட்ஸ், 1892. கம்பிச் சுற்றுகளில் அருகாமை விளைவுக்கு டவல், 1966. கிளாஸ் ஈ சுற்றுக்கு சோக்கல் தந்தையும் மகனும், 1975. சராசரி மாடலுக்கு மிடில்புரூக்கும் சூக்கும், 1976. டூயல் ஆக்டிவ் பிரிட்ஜுக்கு 1991-ல் டி டாங்கர், திவான், கெரலுவாலா எழுதியது. இவற்றை ஒரு மாதம் பென்சிலோடு உட்கார்ந்து படித்தால், புதிய கட்டுரைகளில் எது உண்மையிலேயே புதிது என்பது கண்ணில் படத் தொடங்கும். அப்புறம் வர்ஜீனியா டெக், எம்ஐடி, கொலராடோ போல்டர், சூரிச் ஈடிஹெச் ஆகிய ஆய்வகங்களின் வேலைகளைத் தொடருங்கள். ஈடிஹெச்சில் கோலாரின் குழு செயல்திறனையும் திறன் அடர்த்தியையும் ஒரே வரைபடத்தில் எதிரெதிரே வைத்துப் பார்த்த விதம் என்னுடைய தலைப்பையே மாற்றியது. "எவ்வளவு சிறிதாக்கலாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், "ஒவ்வொரு கன சென்டிமீட்டர் குறைப்புக்கும் எத்தனை வாட் விலை கொடுக்கிறேன்" என்று கேட்கத் தொடங்கினேன்.

இரண்டாம் படி: இழப்புக் கணக்குப் புத்தகம்

சிமுலேஷனைத் திறப்பதற்கு முன் ஒரு ஸ்பிரெட்ஷீட் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் இழப்பு, அதன் சூத்திரம், எண் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. இந்தக் கோப்பை ஆய்வு முடியும் வரை மூட வேண்டாம்.

என் கணக்கு இப்படி இருந்தது. ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கும். 7 மில்லிஓம், சூட்டில் 1.3 மடங்கு, 10 ஆம்பியர் என்றால் சுமார் 0.9 வாட். ஸ்விட்ச் திறக்கும், மூடும் நேரங்களில் வோல்ட்டேஜும் கரன்ட்டும் ஒன்றோடொன்று மேற்படியும். ஆன் ஆகும்போது 8 ஆம்பியர், ஆஃப் ஆகும்போது 12 ஆம்பியர், ஒவ்வொன்றும் 3 நானோ செகண்ட் என்று போட்டால் இரண்டும் சேர்ந்து 1.4 வாட். வெளியீட்டு மின்னூட்டம் 20 நானோ கூலும், 48 வோல்ட்: 1 வாட். கேட் ஓட்டுவதற்கு 0.06. டெட் டைம், அதாவது இரண்டு ஸ்விட்சுகளும் ஆஃபாக இருக்கும் இடைவேளை, இரு பக்கமும் 10 நானோ செகண்ட், அந்த நேரத்தில் காலியம் நைட்ரைடு தலைகீழாகக் கடத்தும்போது 2.2 வோல்ட் விழும்: 0.44 வாட். இண்டக்டரின் டிசி தடை 0.3, கோர் 0.5, ஏசி காப்பர் 0.5. மொத்தம் 5.1.

இப்போது இந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். மேற்படிவு, வெளியீட்டு மின்னூட்டம், கேட், டெட் டைம் ஆகிய நான்கும் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்தில் ஏறுபவை. கூட்டினால் 2.9 வாட், பாதிக்கும் மேல். 500 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினால் இதில் 1.45 வாட் மிச்சமாகும், பதிலுக்கு இண்டக்டன்ஸ் இரட்டிக்கும். ஆய்வு முழுக்க நீங்கள் செய்யப்போவது இந்தப் பேரம்தான்.

வோல்ட்டேஜ் ஏறினால் இந்தப் பேரம் கடுமையாகும். 400 வோல்ட்டில் வெறும் 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸை ஒவ்வொரு சுழற்சியிலும் வீணாகக் காலி செய்தால் 8 மைக்ரோஜூல் போகும். 100 கிலோஹெர்ட்ஸில் அது 0.8 வாட், 1 மெகாஹெர்ட்ஸில் 8 வாட். அதனால்தான் 400 வோல்ட் உலகத்தில் மெகாஹெர்ட்ஸ் பேச்சை எடுத்ததுமே ஸீரோ வோல்ட்டேஜ் ஸ்விட்சிங் பேச்சும் வந்துவிடுகிறது. அதாவது, ஸ்விட்ச் ஆன் ஆவதற்கு முன்பே இண்டக்டர் கரன்ட் அந்தக் கெப்பாசிட்டரைக் காலி செய்துவிட வேண்டும்.

என் பக் கன்வெர்ட்டரிலும் அதைச் செய்யலாம். ரிப்பிளை 20 ஆம்பியருக்கு மேல் விட்டால், அடிமட்டக் கரன்ட் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, மேல் ஸ்விட்ச் நோகாமல் ஆன் ஆகும். இண்டக்டர் 0.45 மைக்ரோஹென்றிக்கும் கீழே வந்துவிடும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆர்எம்எஸ் கரன்ட்டின் வர்க்கம் 100-லிருந்து 133-க்கு ஏறும், ஆஃப் ஆகும் கரன்ட் 20 ஆம்பியரைத் தாண்டும், இண்டக்டரின் ஏசி இழப்பு பல மடங்காகும். 48 வோல்ட்டில், முழு லோடில், இந்த மாற்று எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 400 வோல்ட்டில் கட்டுப்படியாகும். எண்களைப் போட்டுப் பார்க்காமல் "சாஃப்ட் ஸ்விட்சிங் நல்லது" என்று எழுதுவதைத் தவிருங்கள். தேர்வாளர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.

எல்டிஸ்பைஸ், பிளெக்ஸ் போன்ற சிமுலேஷன்கள் இந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவும். அலைவடிவங்களுக்கு நம்புங்கள். நானோ செகண்ட் ஓரங்களில் வரும் இழப்புகளுக்கு, உங்கள் போர்டின் ஒட்டுண்ணி இண்டக்டன்ஸைச் சேர்க்காத வரை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: இண்டக்டர், இங்கே நிறைய நேரம் கொடுங்கள்

ஸ்விட்சுக்கு டேட்டாஷீட் இருக்கிறது. இண்டக்டரை நீங்களேதான் செய்யப் போகிறீர்கள், அதற்கு டேட்டாஷீட் எழுதுவதும் நீங்கள்தான். என்னுடைய காணாமல் போன வாட்டுகளில் பெரும்பகுதி இங்கேதான் கிடைத்தது. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் கோர் பொருள். மாங்கனீஸ் துத்தநாக ஃபெரைட்டுகள் சில மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். 3எஃப்4 போன்றவை 1 முதல் 2 மெகாஹெர்ட்ஸ் வரம்புக்கென்றே வந்தவை. அதற்கு மேலே நிக்கல் துத்தநாகம், உதாரணமாக ஃபேர்-ரைட் 67. ஸ்டைன்மெட்ஸ் சூத்திரத்தில் இழப்பு, அதிர்வெண்ணின் ஓர் அடுக்குக்கும் ஃப்ளக்ஸ் அடர்த்தியின் ஓர் அடுக்குக்கும் ஏற்ப ஏறும். ஃப்ளக்ஸின் அடுக்கு வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். 2.5 என்று வைத்தால், ஃப்ளக்ஸ் ஊசலாட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும்.

என் கோரின் குறுக்குப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர், அதன் மேல் தாமிரம் 4 சுற்று. உச்ச ஃப்ளக்ஸ் 135 மில்லிடெஸ்லா, அதில் ஏசி ஊசலாட்டம் 22.5 மில்லிடெஸ்லா. இதை டேட்டாஷீட் வளைவில் வைத்துத்தான் 0.5 வாட் என்று எழுதினேன். அந்த வளைவு சைன் அலைக்கு, டிசி இல்லாமல் எடுத்தது. பக் இண்டக்டரில் ஓடுவது முக்கோண அலை, அதுவும் பெரிய டிசி மேல் ஏறிக்கொண்டு. அலைவடிவச் சிக்கலுக்கு 2002-ல் சல்லிவனும் சக ஆய்வாளர்களும் கொடுத்த மேம்பட்ட ஸ்டைன்மெட்ஸ் சமன்பாடு நல்ல கருவி, இன்றும் எல்லோரும் எடுப்பது அதைத்தான். டிசி பயஸ் சேர்வதால் கூடும் இழப்பை அது சொல்லாது. அதற்கு அளவீடுதான் வழி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் முன்னின்று திரட்டிய மேக்நெட் தரவுத்தொகுப்பு திறந்த நிலையில் கிடைக்கிறது. உங்கள் பொருள் அதில் இருந்தால் பல மாத வேலை மிச்சம்.

அடுத்து காப்பர். 1 மெகாஹெர்ட்ஸில் தாமிரத்தின் ஸ்கின் ஆழம் (மேற்பரப்பிலிருந்து கரன்ட் உள்ளே இறங்கும் ஆழம்) 66 மைக்ரோமீட்டர். பிசிபியில் 2 அவுன்ஸ் தாமிரத் தகடு 70 மைக்ரோமீட்டர். பொருத்தம் சரியாக இருக்கிறதே என்று நினைத்து அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் அருகாமை விளைவு உள்ளே வரும். ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கில் சுழல் கரன்ட்டை எழுப்பும், அடுக்குகள் கூடக் கூட ஏசி தடை வேகமாக ஏறும். டவலின் சமன்பாடு இதைத்தான் கணக்கிடுகிறது. லிட்ஸ் கம்பி (தனித்தனியாகக் காப்பிட்ட பல மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கியது) எடுப்பவர்கள் 1 மெகாஹெர்ட்ஸுக்கு 0.05 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய இழைகளைப் பாருங்கள்.

டவல் பார்க்காத ஒன்று இருக்கிறது: காற்று இடைவெளி. என் கோரில் 0.45 மில்லிமீட்டர் இடைவெளி. அங்கே ஃப்ளக்ஸ் நேர்கோட்டில் தாண்டாமல் வெளியே பிதுங்கும். பிதுங்கும் இடத்தில் தாமிரம் இருந்தால் அதில் சூடு. இதற்கு எட்டாம் படியில் திரும்பி வருகிறேன்.

நான்காம் படி: லேஅவுட்

ஸ்விட்ச் ஆஃப் ஆகும்போது 12 ஆம்பியர் 3 நானோ செகண்டில் அறுபடுகிறது. அதாவது ஒரு நானோ செகண்டுக்கு 4 ஆம்பியர். பவர் லூப்பில் 5 நானோஹென்றி இருந்தால் 20 வோல்ட் எகிறும். 1 நானோஹென்றி என்றால் 4 வோல்ட். ஒரு சென்டிமீட்டர் தடத்துக்கே பல நானோஹென்றி வந்துவிடும் என்பதை மனதில் வைத்துப் பார்த்தால், இது எவ்வளவு நெருக்கமான வேலை என்று புரியும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு ஸ்விட்சுகளும் உள்ளீட்டுச் செராமிக் கெப்பாசிட்டர்களும் மேல் அடுக்கில் ஒட்டி ஒட்டி. கரன்ட் திரும்பி வரும் பாதை நேர் கீழே, முதல் உள் அடுக்கில். இரண்டுக்கும் நடுவே உள்ள காப்புப் படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. போன கரன்ட்டும் திரும்பும் கரன்ட்டும் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். இப்படி அமைத்தால் 1 நானோஹென்றிக்கும் கீழே போகலாம்.

உள்ளீட்டில் எக்ஸ்7ஆர் கெப்பாசிட்டர் போடுகிறீர்களா? அதன் மேல் எழுதியிருக்கும் மதிப்பை நம்ப வேண்டாம். மதிப்பிட்ட வோல்ட்டேஜை நெருங்கும்போது பாதிக்கு மேல் காணாமல் போகிற வகைகள் உண்டு. டேட்டாஷீட்டில் டிசி பயஸ் வளைவைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். ரெசனன்ட் சுற்றில் என்றால் சி0ஜி மட்டும்.

ஐந்தாம் படி: முதன்முதலாக ஸ்விட்ச் போடுவது

முதலில் பாதுகாப்பு. 400 வோல்ட் பஸ்ஸில் 470 மைக்ரோஃபாரட் இருந்தால் அதில் 37 ஜூலுக்கு மேல் காத்திருக்கிறது. 100 கிலோஓம் பிளீடர் போட்டிருந்தாலும் ஒரு டைம் கான்ஸ்டன்ட் 47 விநாடி. சப்ளையை அணைத்து இரண்டேகால் நிமிடத்துக்குப் பிறகும் அங்கே 20 வோல்ட் நிற்கும். அதனால் அணைத்தபின் மீட்டர் வைத்து அளந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். உயர் வோல்ட்டேஜ் சோதனையைத் தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம். ஆசிலோஸ்கோப்பின் எர்த் பின்னை ஒருபோதும் பிடுங்க வேண்டாம். மிதக்கும் புள்ளியை அளக்க டிஃபரன்ஷியல் புரோப் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

முழு கன்வெர்ட்டராக ஓட்டுவதற்கு முன் டபுள் பல்ஸ் டெஸ்ட் செய்யுங்கள். ஸ்விட்ச் நோடில் (இரண்டு ஸ்விட்சுகளும் சேரும் புள்ளியில்) ஒரு 10 மைக்ரோஹென்றி இண்டக்டர். 48 வோல்ட்டில் 2.5 மைக்ரோ செகண்ட் முதல் பல்ஸ் கொடுத்தால் கரன்ட் 12 ஆம்பியருக்கு ஏறும். பல்ஸ் முடியும்போது டர்ன் ஆஃப் கிடைக்கும், சிறு இடைவெளி விட்டு இரண்டாவது பல்ஸ் தொடங்கும்போது டர்ன் ஆன் கிடைக்கும். மொத்தம் சில மைக்ரோ செகண்டுதான் என்பதால் எதுவும் சூடாகாது, தவறு இருந்தாலும் பெரும்பாலும் ஸ்விட்ச் பிழைக்கும்.

காலியம் நைட்ரைடின் கேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வகைகளில் ஓட்டுவது 5 வோல்ட்டில், உச்ச வரம்பு 6 வோல்ட். கையில் இருப்பது ஒரே ஒரு வோல்ட் இடம். என் முதல் போர்டில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று டெட் டைமை 50 நானோ செகண்ட் வைத்தேன். ஷூட் த்ரூ (இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே நேரத்தில் ஆனாகி சப்ளையை ஷார்ட் செய்வது) வராது என்ற நிம்மதி. சில நிமிடங்களில் மேல் ஸ்விட்ச் செத்தது. புதிது போட்டேன், அதுவும் போனது. மூன்றாவதைப் போடுவதற்கு முன்புதான், மேல் ஸ்விட்சின் கேட்டை ஓட்டும் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரின் குறுக்கே புரோப் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 7 வோல்ட். காரணம் இதுதான்: டெட் டைமில் கீழ் ஸ்விட்ச் தலைகீழாகக் கடத்தும்போது ஸ்விட்ச் நோடு தரைக்கும் கீழே 2 வோல்ட்டுக்கு மேல் இறங்குகிறது. அந்த நேரத்தில் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் 5 வோல்ட்டுக்குப் பதிலாக அந்த 2 வோல்ட்டையும் சேர்த்து நிரப்பிக்கொள்கிறது. டெட் டைம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்றாக நிரம்பும். சிலிகான் மாஸ்ஃபெட்டில் பாடி டையோடு ஒரு வோல்ட்டுக்குள் நின்றுவிடும் என்பதால் இந்தச் சிக்கலை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கிளாம்ப் உள்ள கேட் டிரைவரை எடுங்கள், டெட் டைமைக் குறுக்குங்கள்.

ஆறாம் படி: அளவீடு

சாதாரண பாஸிவ் புரோப்போடு வரும் நீளமான தரைக் கம்பியைப் பாருங்கள். அதில் 100 நானோஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள், புரோப் முனையில் 10 பைக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து 159 மெகாஹெர்ட்ஸில் அதிரும். 3 நானோ செகண்டில் ஏறும் ஓரத்தில் 117 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளடக்கம் இருக்கிறது, அதற்கு மேலும் வால் நீளும். ஆகவே திரையில் தெரியும் அதிர்வில் எது சுற்றினுடையது, எது புரோப்பினுடையது என்று பிரிக்கவே முடியாது. ஸ்விட்ச் நோடில் 20 வோல்ட் அதிர்வைப் பார்த்து இரண்டு வாரம் ஸ்னபர் (அதிர்வைத் தணிக்கும் சிறு சுற்று) மாற்றி மாற்றிப் போட்டேன். ஒருநாள் தரைக் கம்பியைக் கழற்றிவிட்டு, முனையில் மாட்டும் சின்ன ஸ்பிரிங்கை வைத்து அதே புள்ளியைத் தொட்டேன். அதிர்வு பாதியாகக் குறைந்தது. சுற்றில் எதையும் தொடவில்லை. அன்றிலிருந்து பிசிபி வரையும்போதே புரோப்புக்கான இடத்தையும் தரைப் புள்ளியையும் சேர்த்தே வரைகிறேன்.

இந்த ஓரங்களுக்கு ஸ்கோப்பும் புரோப்பும் 350 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் இருக்க வேண்டும். வோல்ட்டேஜ் புரோப்புக்கும் கரன்ட் புரோப்புக்கும் தாமதம் வேறு வேறு. அதைச் சரிக்கட்டாமல் (டெஸ்க்யூ செய்யாமல்) இரண்டையும் பெருக்கி ஸ்விட்சிங் இழப்பு எடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 3 நானோ செகண்ட் நிகழ்வில் 1 நானோ செகண்ட் நழுவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. கரன்ட்டை அளக்க ஷண்ட் சேர்த்தாலே லூப்பில் இண்டக்டன்ஸ் கூடிவிடும், அளக்க வந்த சுற்று வேறு சுற்றாகிவிடும். அதனால் இந்த வேகத்தில் நான் ஸ்விட்சிங் இழப்பை அலைவடிவத்திலிருந்து எடுப்பதில்லை. மொத்த இழப்பையும் வெப்பத்தையும் வைத்துப் பின்னோக்கி வருகிறேன்.

மொத்த இழப்பிலும் ஒரு பொறி உண்டு. உள்ளீட்டு வோல்ட்டேஜ், கரன்ட், வெளியீட்டு வோல்ட்டேஜ், கரன்ட் என்று நான்கு அளவுகள். ஒவ்வொன்றிலும் 0.1 சதவீதப் பிழை என்றால், மோசமான நிலையில் 0.4 சதவீதம். 127 வாட்டில் அது 0.5 வாட். என்னுடைய 2.1 வாட் வித்தியாசம் அதைவிடப் பெரிது, ஆகவே அது உண்மையான வித்தியாசம். மீட்டர்களை மறு அளவுத்திருத்தம் செய்து 0.05 சதவீதத்துக்குக் கொண்டுவந்தபின் பிழை 0.25 வாட் ஆனது. இதுவே 1000 வாட் உள்ளே, 980 வாட் வெளியே என்றால், 0.1 சதவீத மீட்டர்களோடு பிழை ஏறக்குறைய 4 வாட். 20 வாட் இழப்பில் 4 வாட் தெரியாது என்று பொருள். 99 சதவீதத்துக்கு மேல் பேசுகிற கட்டுரைகள் வெப்பத்தை நேரடியாக அளக்கும் கலோரிமீட்டருக்குப் போவது இதனால்தான். எளிய வழியும் உண்டு: அதே போர்டில் அதே ஸ்விட்சுக்குள் தெரிந்த அளவு டிசி திறனைச் செலுத்தி வெப்ப ஏற்றத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு கன்வெர்ட்டர் ஓடும்போது அதே ஏற்றம் வந்தால் இழப்பு ஏறக்குறைய அதுதான்.

தெர்மல் கேமராவில் பளபளப்பான உலோகம் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். மெல்லிய கறுப்புப் பெயின்ட் பூசுங்கள், அல்லது கேப்டான் (Kapton) டேப் ஒட்டுங்கள்.

ஏழாம் படி: கட்டுப்பாடு, சுருக்கமாக

100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும் மைக்ரோகண்ட்ரோலருக்கு 1 மெகாஹெர்ட்ஸ் சுழற்சியில் 100 படிதான் கிடைக்கும். ஒரு படிக்கு வெளியீடு 0.48 வோல்ட் தாவும். 12 வோல்ட்டை அப்படி நிலைநிறுத்த முடியாது. 150 பைக்கோ செகண்ட் தரும் உயர் துல்லிய பிடபிள்யூஎம் (ஸ்விட்சை ஓட்டும் பல்ஸின் அகலத்தை மாற்றும் பகுதி) இருந்தால் படி 7 மில்லிவோல்ட்டாகும். வெளியீட்டை எண்ணாக மாற்றும் ஏடிசியின் ஒரு படி, பிடபிள்யூஎம்மின் ஒரு படியைவிடப் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளியீடு இரண்டு படிகளுக்கு நடுவே ஓயாமல் ஊசலாடும். தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். 1 மைக்ரோ செகண்ட் தாமதம், 100 கிலோஹெர்ட்ஸ் கிராஸ் ஓவரில் 36 டிகிரி பேஸைத் தின்றுவிடும். உங்கள் ஆய்வு கட்டுப்பாட்டைப் பற்றியது இல்லையென்றால் ஒரு நல்ல அனலாக் கண்ட்ரோலரை எடுத்துவிட்டு மேலே போவது புத்திசாலித்தனம்.

எட்டாம் படி: தேடல்

இப்போது கையில் 5.1 வாட் கணக்கு, 7.2 வாட் அளவீடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அந்த மாற்றத்துக்குக் கணக்குப் புத்தகத்தின் எந்த வரி அசைய வேண்டும், எவ்வளவு அசைய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு மாற்ற வேண்டும்.

டெட் டைமில் தொடங்கினேன். இரு பக்கமும் ஒவ்வொரு நானோ செகண்ட் கூட்டினால் 0.044 வாட் ஏற வேண்டும். கூட்டிக்கொண்டே போய் உள்ளீட்டுத் திறனை வரைந்தேன். சாய்வு சரியாக இருந்தது. ஆனால் கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே இருந்தது. கேட்டில் நேரடியாக ஸ்பிரிங் புரோப் வைத்துப் பார்த்தால், 10 நானோ செகண்ட் என்று நான் எழுதியது அங்கே 18 ஆக வந்துகொண்டிருந்தது. டிரைவரின் ஆன் தாமதமும் ஆஃப் தாமதமும் வேறு வேறு. கிடைத்தது 0.35 வாட்.

அடுத்து கோர். அதே கோரில் இரண்டு கம்பிச் சுற்றுகள் போட்டு, மூன்றாவது கம்பிச் சுற்றில் டிசி செலுத்தி, முக்கோண ஃப்ளக்ஸில் இழப்பை அளந்தேன். 0.5-க்குப் பதிலாக 0.85. இன்னொரு 0.35.

இன்னும் 1.4 வாட் பாக்கி. ஒரு மாதம் ஸ்விட்சுகளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காலியம் நைட்ரைடில் வோல்ட்டேஜ் தாங்கியபின் சிறிது நேரம் தடை கூடி நிற்கும் டைனமிக் ஆர்டிஎஸ் ஆன் என்ற விஷயம் உண்டு. அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் வேறு ஏதோ பார்க்கத் தெர்மல் கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்தபோது, இண்டக்டரின் நடுவில் ஒரு மெல்லிய பிரகாசமான கோடு தெரிந்தது. கோரும் அவ்வளவு சூடில்லை, தாமிரச் சுற்றின் ஓரங்களும் சூடில்லை. காற்று இடைவெளிக்கு நேரே இருந்த தாமிரம் மட்டும், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு, கொதித்துக்கொண்டிருந்தது. தாமிரச் சுற்று, காற்று இடைவெளியிலிருந்து 0.3 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தது. 1.2 மில்லிமீட்டருக்கு நகர்த்தி மறுபடி செய்தேன். இழப்பு 1.15 வாட் குறைந்தது. இடைவெளியின் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்காவது தாமிரத்தைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதை அதற்கு முன்பும் படித்திருக்கிறேன். பார்த்தது அன்றுதான்.

அந்தக் கோடுதான் என் ஆய்வின் தலைப்பாக மாறியது. பிதுங்கும் ஃப்ளக்ஸை எப்படிப் பரப்புவது, ஒரு பெரிய இடைவெளியைப் பல சிறு இடைவெளிகளாகப் பிரித்தால் எவ்வளவு கிடைக்கும், தாமிரச் சுற்றின் வடிவத்தை எப்படி மாற்றுவது என்று அதிலேயே அடுத்த இரண்டு வருடம்.

ஒன்பதாம் படி: எழுதுவது

ஏபெக், எக்கி, காம்பெல் போன்ற மாநாடுகளுக்கு எழுதும்போது முதலில் இழப்புப் பட்டியலை எழுதுங்கள், அப்புறம் முன்னுரை. கணித்தது ஒரு நெடுவரிசையில், அளந்தது பக்கத்து நெடுவரிசையில், அளவீட்டுப் பிழை மூன்றாவதில். செயல்திறன் வளைவை முழு லோடு வரம்புக்கும் போடுங்கள், உச்சப் புள்ளியை மட்டும் அல்ல. திறன் அடர்த்தி சொன்னால் ஹீட்சிங்க், கண்ட்ரோல் போர்டு, பில்டர் எல்லாம் அதில் சேர்ந்ததா என்று எழுதுங்கள். கேட் டிரைவ் திறனைச் செயல்திறனில் சேர்த்தீர்களா இல்லையா என்றும் எழுதுங்கள், பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எந்தப் புரோப், எந்தத் தரை இணைப்பு, எத்தனை டிகிரி சூட்டில் என்பதும் வேண்டும். இன்னொரு மாணவர் உங்கள் போர்டைத் திரும்பக் கட்டி அதே எண்ணை எடுக்க முடிய வேண்டும். கெர்பர் கோப்புகளையும் (பிசிபி வரைபடங்கள்) அலைவடிவக் கோப்புகளையும் வெளியிட முடிந்தால் வெளியிடுங்கள்.

என் பட்டியலின் கடைசி வரிக்கு "விளக்கப்படாதது: 0.25 வாட்" என்று பெயர் வைத்தேன். வெட்டிவிடலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று திருப்பிக் கேட்டார். 0.25 என்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடு என்றார். அப்படியே அச்சானது.